இடம் மாறிய நாடாக்கள்

பதினேழாவது நாடா நான் கட்டிய மரத்தில் இல்லை. காணாமற் போயிருந்தால் காற்று, குரங்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஏதாவது ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு ஓடியிருப்பேன். மாத்தளைக் குரங்குகளுக்கு நிறமுள்ள எதுவும் விளையாட்டுச் சாமான்தான். ஆனால் நாடா காணாமற் போகவில்லை. சரிவில் ஐம்பது அடி கீழே, ஓடைக்கரையில் நிற்கும் பழைய தோட்ட வேலியின் தூணில் கட்டப்பட்டிருந்தது. பதினெட்டும் பத்தொன்பதும் அதேபோல் கீழே இறங்கியிருந்தன. இருபதாவது அதன் இடத்திலேயே இருந்தது. மூன்று நாடாக்களும் சேர்ந்து என் பாதையை வளைத்து, ஒரு துண்டு நிலத்தைச் சுற்றிப் போகச் செய்திருந்தன. குரங்குகளுக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

நாடா கட்டிய காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். பத்திரிகை வேலையில் இருந்தபோது சில வருடங்கள் தெற்குக் கரையோரக் காலி நகரில் இருந்தேன். ஓடக் கற்றுக்கொண்டது அங்கே, கோட்டை மதிலின் மேல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டுக்கூரைகள். மதில் சலித்த பிறகு கடற்கரையை விட்டு உள்ளே போனோம். தென்னை, கறுவா, வயல் என்று மெதுவாக ஏறி இறங்கும் பாதைகள். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஓடுவோம். ஓடுகிறவரை ஏன் ஓடுகிறாய் என்று காலியில் யாரும் கேட்பதில்லை. உல்லாசப் பயணிகள் அந்த ஊரைப் பழக்கிவிட்டார்கள்.

ஓய்வு பெற்று மாத்தளைக்குத் திரும்பிய பின் தனியாகத்தான் ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் விடியற்காலையில் வயல் வரம்பில் ஓடினால் இங்கே காரணம் தேவைப்படுகிறது. சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும், ஊரே நானா என்று அழைக்கும் முஸ்லிம் பெரியவர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"மிஸ், இன்னைக்கு யாரு தொரத்துறாங்க?"

காலி நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து ஓடுவதாகச் சொன்னார்கள். நான் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு ஒரு பாதை பார்த்தேன். வயல், வாய்க்கால் ஓரம், கைவிடப்பட்ட கொக்கோத் தோட்டம், மிளகுக் கொடிகள், மறுபடியும் வயல். திரும்ப வேண்டிய இடங்களில் எல்லாம் வலதுகைப் பக்கம், நெஞ்சு உயரத்தில், ஒரு செம்மஞ்சள் நாடா. மொத்தம் முப்பத்தொன்று. தையற் சாமான் கடையில் இருந்த நிறங்களில் தூரத்திலிருந்தே தெரிந்தது அதுதான்.

மூன்றையும் அவிழ்த்துப் பழைய இடத்தில் கட்டினேன். இரண்டு நாள் கழித்து மூன்றும் மறுபடி ஓடைக்கரையில். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். கிழமை, நேரம், அந்த வழியில் எதிர்ப்பட்டவர்கள். தோட்டத்துக் காவற்காரர், இரண்டு நாள். மண்வெட்டியோடு ஒருவர், மூன்று நாள், மூன்று நாளும் என்னைக் கண்டதும் நின்றார். நானாவும் பட்டியலில் இருந்தார். சந்தியைக் கடக்கும் யாரும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

"நானா, மேல கட்டியிருக்கிற நாடாவ யாரோ மாத்துறாங்க. ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு எப்படி மிஸ் தெரியும்? நான் என்ன ஓடுற ஆளா?" வயிற்றைத் தட்டிக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோவிக்காதீங்க, ஒண்ணு கேக்குறேன். ரோட்டுக்கா, டேமுக்கா?"

"எது?"

"அளக்குறது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓடுறதுக்குத்தான் நானா."

"சரி சரி. சொல்லக் கூடாதுன்னா விடுங்க."

அன்று ஓடும்போது என்னையே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு போனேன். ஊருக்கு அதிகம் தெரியாத ஒரு பெண். ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கிறாள். கையில் கட்டியிருக்கும் கருவியைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்துகிறாள். மரத்தில் துணி கட்டுகிறாள். இப்போது புதிதாக, புத்தகத்தில் எதையோ எழுதவும் செய்கிறாள். இதை எனக்கு ஒரு நிருபர் செய்தியாக அனுப்பியிருந்தால், நில அளவை என்றுதான் தலைப்புப் போட்டிருப்பேன்.

ஆனாலும் யார் என்பது தெரியவேண்டியிருந்தது. முடிச்சுத்தான் காட்டிக்கொடுத்தது. நான் கட்டுவது சப்பாத்துக் கயிற்று முடிச்சு, இழுத்தால் அவிழும். வேலித் தூண்களில் இருந்தது வேறு. தூணைச் சுற்றி ஒரு வளையம், நடுவில் ஒரு முறுக்கு, பிறகு இன்னொரு சிறிய வளையம், எட்டு என்ற இலக்கத்தைப் போல. உள்ளே இரண்டு விரல் நுழையும் தளர்வு.

அடுத்த நாள் ஓடவில்லை, நடந்தேன். நாடாக்கள் சுற்றிப் போன அந்த நிலத்துக்குள் இறங்கினேன். கிளிறிசீடியா மரங்கள், ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. கொடியை மரத்தோடு சேர்த்து, பழைய சேலைக் கிழிசலால், அதே எட்டு வடிவத்தில் கட்டியிருந்தது. தண்டு பருக்கும்போது கழுத்து இறுகாமல் இருப்பதற்கான தளர்வு. எந்த மரத்தைப் பார்த்தாலும் ஒரே கையின் முடிச்சு.

"தேடுனது கெடச்சிருச்சா மிஸ்?"

பின்னால் நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். றப்பர் பூட்ஸ், கையில் கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி. ஒளியும் எண்ணம் அவளுக்கு இல்லை.

"நீங்கதான் மாத்துனீங்களா?"

"ஆமா. கழட்டி எறிஞ்சா கேஸ் போடுவாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. அதான் எறியல. தள்ளிக் கட்டிட்டேன்."

கணவன் தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை ஏற்றுகிறவன், வாரத்துக்கு ஒரு முறை வருவான். மேலே தெரியும் தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி அறைதான் அவர்கள் வீடு. தோட்டம் இந்தப் பகுதியைக் கைவிட்டபோது இருவரும் காட்டை வெட்டி மிளகுத் தண்டு நட்டார்கள். பன்னிரண்டு வருடமாகிறது. காணி உறுதி கிடையாது, அரசாங்கப் பேமிட் கிடையாது, எந்த எழுத்தும் கிடையாது. என்னிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து யோசித்துத்தான் சொன்னாள்.

"லக்கலப் பக்கந்தான் எங்க அக்காவக் கட்டிக் குடுத்தது. அங்கயும் மொதல்ல துணிதான் கட்டுனாங்க. பொறகு குச்சி நட்டாங்க. பொறகு கடிதாசி வந்துச்சு. இப்ப அக்கா வயலுக்கு மேல டேம் தண்ணி நிக்குது. அவங்ககிட்ட பேமிட் இருந்துச்சு, வேற எடம் குடுத்தாங்க. எங்ககிட்ட என்னா இருக்கு?"

ஓடுகிறவர்கள் வருகிறார்கள், ஓடிவிட்டுப் போய்விடுவார்கள் என்றேன்.

"எங்கருந்து?"

"காலியிலருந்து."

"காலியில ஓட எடமில்லயா? கடலோரமா ரோடு இருக்குமே."

"இருக்கு. இந்தப் பக்கம் அழகா இருக்குன்னு பாக்க வர்றாங்க."

"பாத்துட்டு, அழகா இருக்குன்னு சொல்லிட்டு, சும்மா போயிருவாங்களா?"

போய்விடுவார்கள் என்றேன். அவள் கத்தியின் முனையால் பூட்ஸிலிருந்த மண்ணைச் சுரண்டினாள்.

"அப்ப எழுதித் தாங்க. இது அளக்குற துணி இல்லன்னு எழுதி, கீழ ஒப்பம் போடுங்க."

பேனாவைத் திறந்து ஒரு வரி எழுதினேன். இரண்டாவது வரியில் எந்த நிலம், யாருடையது என்று வரவேண்டும். அதை எழுதினால், எழுத்தில்லாத நிலம் இது என்று சொல்லும் முதல் எழுத்து என்னுடையதாக இருக்கும். நாளைக்கு அது யார் கைக்கும் போகலாம். பேனா நின்றது.

"பாத்தீங்களா," என்றாள்.

காரணத்தை விளக்கினேன். நம்பினாளா என்பது தெரியாது. கடைசியில் ஒன்றுக்கு இருவரும் ஒத்துக்கொண்டோம். நாடாக்கள் அவள் கட்டிய இடத்திலேயே இருக்கும், ஓட்டம் ஓடைக்கரை வழியாகப் போகும்.

வீட்டுக்கு வந்து கைத்தொலைபேசியைத் திறந்தபோது பழைய கோடு கண்ணில் பட்டது. முதல் தடவை நான் ஓடியதைக் கைக்கடிகாரம் பதிந்து வைத்திருந்தது. மிளகுக்கு நடுவால் நேராகப் போகும் கோடு. அதை நான் எப்போதோ காலி நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். திருத்திய பாதையை உடனே அனுப்பினேன். முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் படிப்பார்கள் என்பதை என் தொழில் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

ஞாயிறு விடிந்ததும் வேனில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். வயலில் பனி. வாய்க்கால் ஓரத்தில் கொக்குகள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன. நல்ல காலை. பதினேழாவது நாடாவில் நின்று ஒவ்வொருவரையும் கீழே திருப்புவதற்காக நான் குறுக்கு வழியில் முன்னால் போனேன். ஏழு பேர் இறங்கிப் போனார்கள். எட்டாமவரைக் காணவில்லை. அவர் காலியில் கடை வைத்திருப்பவர், பழைய நண்பர். திருத்தாத பழைய பாதையைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு எனக்கு முந்தியே நேராக ஓடியிருந்தார்.

நான் போனபோது அவர் மிளகுக் கொடிகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். லயத்து வாசலில் அவள் நின்றாள். அன்று கணவனும் இருந்தான். இருவருக்கும் நாங்கள் பேசுவது கேட்கும் தூரம்தான்.

"இது யாருட பூமி?" என்றார்.

"ஏன்?"

"மேப்புல நான் பாத்த. வீடொண்டும் இல்ல, காடு மாதிரித்தான் காட்டுது. இதுல ரெண்டு ரூம் போட்டா வெள்ளக்காரன் வருவான். உறுதி ஈக்கா?"

மாத்தளையில் ஓடலாம் என்று முதலில் சொன்னது யார் என்று யோசித்தேன். அவர்தான். கோட்டைக்குள் அவர் இரண்டு பழைய வீடுகளை வாங்கி விடுதியாக்கியிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இருக்கு," என்றேன். "வாசல்ல நிக்கிற அந்தப் பிள்ளையோட பேர்ல. விக்க மாட்டாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

முப்பது வருடம் இதே கேள்வியை நிருபர்களிடம் கேட்டவள் நான்.

"பாத்தேன்."

அவர் படமெடுத்த கைத்தொலைபேசியைப் பையில் போட்டார். பிறகு ஓடைப் பக்கம் இறங்கி ஓடினார்.

திரும்பியபோது கணவன் அருகில் வந்திருந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தேன்.

"மிஸ், எங்க பேர்ல உறுதி இருக்குன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானேதான் சொன்னேன்."

"சும்மா சொல்லுவீங்களா?" அவன் மனைவியைப் பார்த்தான். "பாத்தேன்னு வேற சொன்னீங்களே. எங்க பாத்தீங்க?"

அவரை அனுப்பிவிடச் சொன்ன பொய் அது என்று விளக்கத் தொடங்கினேன்; எங்கோ ஓர் உறுதி இருப்பதாகவே அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று பிற்பகல் முப்பத்தொரு நாடாக்களையும் கழற்றப் போனேன். ஓடைக்கரைக்கு வந்தபோது அவள் வேலியருகே காத்திருந்தாள்.

"இந்த மூணையும் விட்டுருங்க மிஸ்."

"ஏன்? இதாலதானே பிரச்சின?"

"இருக்கட்டும். ஒரு நா நெசமா அளக்க வந்தாங்கன்னா சொல்லிக்கலாம். மொத தடவ வந்தவங்க எங்க எடத்த விட்டுட்டு இப்படிச் சுத்தித்தான் போனாங்கன்னு."

"அது அளந்த துணி இல்லயே."

"அது ஒங்களுக்குத் தெரியும்," என்றாள்.

விட்டுவிட்டேன். இப்போதும் காலையில் அந்த வழியாகத்தான் ஓடுகிறேன், ஓடைக்கரையோடு. நாடாக்கள் மழையில் வெளுத்தால் யாரோ புதிதாக மாற்றிவிடுகிறார்கள். நிறம் அதே செம்மஞ்சள். போன வாரம் நான்காவது நாடா ஒன்றைப் பார்த்தேன். மற்ற மூன்றையும் தாண்டி, ஓடை பிறக்கும் ஊற்றுக்கு அந்தப் பக்கம், முன்பு எதுவுமே கட்டியிராத ஒரு மரத்தில். நின்று முடிச்சைப் பார்த்தேன், அதே எட்டு வடிவம். ஊற்றும் இப்போது அவள் பக்கத்தில். அதையும் சுற்றிக்கொண்டு ஓடினேன்.