கரைசலின் நிறை

நூறு கிராம் நீரில் இருபது கிராம் உப்பைக் கரைத்தால் கரைசலின் நிறை என்ன? பேசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் வகுப்பில் ஒருத்தர் விடாமல் சோதனைத்தாளில் எழுதியிருந்தார்கள்: நூறு கிராம். உப்புத்தான் கரைந்து இல்லாமல் போய்விட்டதாம். இருபது கிராமை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிற நீர்! எழுதியதெல்லாம் கடற்கரையில் பிறந்து, கருவாட்டுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் கருவாடு போடுகிற ஒருத்தியை எழுப்பினேன்.

“மீன் ஊறப்போட உப்புத்தண்ணி வாளி தூக்கிறனீயோ?”

“ஓம் ரீச்சர். நல்லதண்ணி வாளியைவிடச் சரியான பாரம்.”

“அந்தப் பாரம் எங்கயிருந்து வந்தது? வானத்திலயிருந்தோ?”

“உப்பாலதான் ரீச்சர்.”

“பிறகேன் நூறு எண்டு எழுதினனீ?”

“அது வீட்டில, ரீச்சர். சோதனைக்கு நீங்கள் தந்ததைத்தானே எழுதவேணும்.”

கொப்பியைப் புரட்டி நீட்டினாள். ‘நீரில் இட்ட உப்பு கரைந்து மறைந்துவிடும்.’ போன தவணை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிய வசனம். பக்கத்தில் என் சிவப்புப் பேனை பெரிதாகச் சரி போட்டிருந்தது.