பாவின் முன்னால் ஒரு மேஜர்

புள்ளலூர்ப் போர்க்களத்துக்குச் சுற்றுலாக்காரர்களை அழைத்துப்போகும் வழிகாட்டியாக அப்போது இருந்தேன். எங்கள் ஓட்டுநருக்குக் குறுக்குவழி என்றால் உயிர். அன்று காலை நெசவாளர் தெருவுக்குள் பேருந்தைத் திருப்பித் தொலைத்தார். தெரு நீளத்துக்கும் பாவை, அதாவது தறியில் ஏற்றவேண்டிய நீளவாட்டுப் பட்டுநூலை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஈரம் காயறதுக்குள்ள நூலப் பிரிச்சு உடணும்பா, இரு," என்றாள் ஒரு நெசவுக்கார அம்மா, நிமிராமலே.

பயணிகளில் ஒருவர் ஓய்வுபெற்ற மேஜர். "நூலுக்காக வண்டி நிக்கணுமா?" என்று இறங்கினார். அங்கே பாவை யாரும் தாண்டமாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள். அவரோ பூட்ஸ் காலைத் தூக்கிவிட்டார்.

தெருவே எழுந்து நின்றது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்று, மெல்லப் பின்னால் இறங்கியது.

புள்ளலூரில் நான் சொன்ன போரை யாரும் கவனிக்கவில்லை. படை பின்வாங்குவதைத்தான் கண்ணாலேயே பார்த்துவிட்டார்களே.