நடுவில் அறுந்த ரோமம்

பள்ளிக்கூடத்தில் எட்டு வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவே கூசுகிறவள், ஆட்டு ரோமத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகம்தான். படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பூண்டியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு செம்மறி மந்தை இருந்தது. வருஷம் ஒரு தரம் ரோமம் கத்தரித்து, கொடைக்கானல் கடைத்தெருவில் ரோமம் வாங்கும் ஒரு பாயிடம் போடுவோம். கம்பளி நெய்ய அவர் மலைக்குக் கீழே அனுப்புவார். ஒரு வருஷம் கற்றை ஒன்றை உருவி இரண்டு கையாலும் இழுத்தார். நடுவில் பட்டென்று அறுந்தது. இன்னொன்றும் அப்படியே.

"தங்கச்சி, இத நெய்ய முடியாது. தலகாணிக்கு வேணா அடைக்கலாம்" என்றார்.

வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து, "அடுத்த தரமும் அறுந்துச்சுன்னா மந்தையோட கறிக்கு வித்துருவேன்" என்றார். அடுத்த கத்தரிப்பு முடிந்ததும் மந்தையைப் பார்க்க வரும்படி கறிக்கடைக்காரரிடமும் சொல்லிவைத்தார்.

குட்டியிலிருந்து நான் வளர்த்த ஆடுகள். அறுந்த கற்றைகளைக் கொண்டுவந்திருந்தேன். எல்லாம் ஒரே இடத்தில் மெலிந்திருந்தன. நுனி நன்றாக இருந்தது, அடியும் நன்றாக இருந்தது. நடுப்பகுதி வளர்ந்தது எப்போது என்று யோசித்தேன். பூண்டு நடுவதற்கு முன்னால் எருவுக்காக மந்தையை வயலில் அடைத்துக் கிடை போட்ட சமயம்! ஊரில் யார் கேட்டாலும் இவர் இல்லை என்று சொல்ல மாட்டார். வயல் வயலாக மந்தை மாறும். மூடுபனி விலகிய பிறகுதான் மேய்ச்சல், பொழுது சாயுமுன் மறுபடி கிடை. அரை வயிறுதான். சினை ஆடுகளுக்கு அதிலும் வயிற்றுக் குட்டிக்குப் பங்கு போய்விடும். வயிறு காய்ந்தபோது வளர்ந்த ரோமம் அந்த இடத்தில் நூலாய் இளைத்திருந்தது.

"என்னங்க, இந்தத் தரம் கிடைக்கே தீனி கொண்டு போவோம்" என்றேன். அவர் தலையாட்டினார்.

அடுத்த கிடையின்போது பட்டாணிக் கொடியைச் சுமந்துபோய்ப் போட்டேன். சினை ஆடுகளுக்குக் கொள்ளு ஊறவைத்துக் கொடுத்தேன்.

"என்னத்தா, ஆட்டுக்கு வளைகாப்பா?" என்று பக்கத்து வயல்காரி சிரித்தாள்.

"எனக்கு ஒருநா இப்படி ஊறப்போட்டதில்ல" என்றார் வீட்டுக்காரர்.

கத்தரித்ததும் மூட்டையோடு போனோம். பாய் கற்றையை விரலில் சுற்றி இழுத்தார். அறவில்லை. வேறு மூட்டையில் கையை விட்டு உருவி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அவர் விரல்தான் சிவந்தது.

"ஏப்பா, என்னத்தப் போட்டு வளத்தீக? கவுறு கணக்கா கெடக்கு!"

வீட்டுக்காரர் என் பக்கம் முகவாயை நீட்டி, "அவளக் கேளுங்க பாய். எல்லாம் அவ சோலி" என்றார், கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி.

நான் மூட்டையைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். ஆனால் அந்தக் குரலை இன்றும் நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

மறுநாள் கறிக்கடைக்காரருக்கு, மந்தையைப் பார்க்க வர வேண்டாம் என்று வீட்டுக்காரர் ஆள் சொல்லி அனுப்பினார்.