வெள்ளையடித்த கற்கள்

எங்கள் காலனியில் ஒரு நல்ல காரியம் உருப்படும் என்று நான் நம்பிய கடைசி வருடம் அது. சிறுசேரிக்குக் கம்பெனிகள் வந்து, தாம்பரத்தைச் சுற்றிக் கைப்பிடி மண்ணுக்கும் விலை ஏறிக்கொண்டிருந்த சமயம். குன்றத்தூர் போகிற வழியில், எங்கள் ஏரிக்குப் பின்னால் ஒரு மேடு. அங்கே ஒரு கல்வட்டம் இருந்தது. ஆதிகாலத்து மனிதர்கள் செத்தவர்களைப் புதைத்துச் சுற்றிலும் பெரிய கற்களை நட்டுவைத்த இடம். பக்கத்துக் கருவேல மரங்களில் கொக்கும் வக்காவும் கூடு கட்டும்.

அங்கே ஒரு சின்ன விளக்க மையம் கட்ட வேண்டும், வருகிறவர்களுக்கு ஊர்ப் பெண்களே சுற்றிக்காட்ட வேண்டும். இதுதான் திட்டம். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நானும், ஹார்டுவேர் கடை பாயும் தொல்லியல் துறைக்கு மூன்று வருடம் மனு போட்டோம். எல்லாம் அவர் கடையில் உட்கார்ந்து எழுதியதுதான். மையம் வராவிட்டால் மேட்டில் குப்பை கொட்டுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

ஒருவழியாக, அதிகாரி நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. பாய்க்குக் கால் தரையில் பாவவில்லை.

"புதர் மண்டிக் கெடக்கே சார், ஆபீசர் கார் எப்டி உள்ள வரும்?"

"நல்லா சுத்தம் பண்ணிடுங்க பாய்" என்றேன்.

என் நாக்கில் சனி! இன்ஸ்பெக்‌ஷன் என்றாலே பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்து, பாதையோரம் கல் அடுக்கிக் காவி பூசிப் பழகிய வாய். சொல்லிவிட்டுக் காய்ச்சலில் படுத்தேன். போய்ப் பார்க்கவில்லை.

அதிகாரி வந்த காலையில்தான் போனேன். ஜேசிபி விட்டு மேட்டைச் சமமாக்கியிருந்தார் பாய். கருவேலம் ஒன்றுகூட இல்லை. பாதையின் இருபுறமும் பெரிய பெரிய கற்கள் வரிசையாக, ஒன்றுக்குச் சுண்ணாம்பு, அடுத்ததற்குக் காவி. வாழைமரம் வேறு.

அதிகாரி அம்மா காரை விட்டு இறங்கி, மனுவோடு நான் வரைந்து அனுப்பிய படத்தை விரித்தார்.

"கல்வட்டம் எங்க சார்?"

பாய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த வரிசையைப் பார்த்தார்.

"அந்தக் கல்லா சார்?"

மூன்று வருடம் காகிதத்தில் காட்டினேனே, ஒருநாளாவது அவரைக் கூட்டிவந்து 'இதுதான் பாய், தொட்டுடாதீங்க' என்று சொன்னேனா? படம் வரைந்தால் போதும் என்கிற பாழாய்ப்போன வாத்தியார் புத்தி!

"இன்னிக்கே திருப்பி நட்டுடறேன் மேடம்" என்று பாய் கெஞ்சினார்.

"எந்தக் கல்லு எங்க இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா படத்தை மடித்தார். கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கார் போன பிறகு பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைலி நுனியால் ஒரு கல்லைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் கடைச் சுண்ணாம்பு, நல்ல சரக்கு. தேய்க்கத் தேய்க்கப் போகவே இல்லை.