காலில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை ஈஜிபுராவில் ஒரு கொலையைப் பார்த்தேன். டீயும் முறுக்கும் கொடுத்து, உட்கார வைத்துக் காட்டினார்கள்.

காட்டியவன் அங்கே குடியிருக்கும் என் மைத்துனன் சரவணன். சாஃப்ட்வேர்காரன். கூட வேலை பார்க்கும் கன்னடப் பெண் ரூபாவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. அதை வேலூரிலிருந்து வந்திருக்கும் தன் அம்மாவிடம் – அதாவது என் மாமியாரிடம் – சொல்ல வேண்டும். தைரியம் வரவில்லை. படம் எடுத்துவிட்டான்.

"வாயால சொன்னா பாதியிலயே அழ ஆரம்பிச்சிடுவாங்க மாமா. படம்னா முழுசா பார்த்துட்டுத்தான் அழுவாங்க."

உண்மைதான். எவ்வளவு மோசமான படத்திலிருந்தும் என் மாமியார் பாதியில் எழுந்து வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அம்மா பாத்திரத்துக்கு டப்பிங், அடியேன். மைக்கைக் கொடுத்து "வாம்மா... நல்லா இரும்மா" என்று பேசச் சொன்னான். பேசினேன். யார் உடம்புக்கு என் குரல் என்று கேட்டிருக்க வேண்டாமோ?

நடிகர்கள் என்று யாருமே இல்லை. கேமரா முன் நிற்க ரூபாவுக்குக் கூச்சமாம். அதனால் சிப்பாய்கள் ஓடி ஓடிச் சுட்டுக்கொள்ளும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைப் பிடித்து, அதற்குள்ளேயே படமெடுத்திருக்கிறான். ஒரு சிப்பாய் அம்மா. ஒரு சிப்பாய் ரூபா. மூன்றாவது சிப்பாயின் பார்வைதான் கேமரா.

திரையில் ஒரு மொட்டைத்தலையன். கையில் துப்பாக்கி. என் குரலில் பேசுகிறான்.

"இது யாருடா?" என்றார் மாமியார்.

"நீதாம்மா."

அவர் மொட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் முறுக்கைப் பார்த்தேன்.

அடுத்து ரூபா வந்தாள். அவள் கையிலும் துப்பாக்கி – அதைக் கீழே வைக்க விளையாட்டில் வழியில்லையாம். "உங்க பையனை எனக்குக் குடுங்கம்மா" என்றாள். துப்பாக்கியோடு கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்?

ஆசீர்வாதம் வாங்கக் கிட்டே போனாள்... டமால். மொட்டையின் காலடியில் பொத்தென்று விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. தரையில் சிவப்பாக ஏதோ பரவியது.

"நல்லா இரும்மா" என்றது என் குரல்.

நான் சரவணன் பக்கம் திரும்பினேன். "என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"கால்ல விழறதுக்கு பட்டனே இல்ல மாமா. ஓடலாம், குதிக்கலாம், சுடலாம்... செத்தாத்தான் விழும். அதான் ஃப்ரெண்டு ஒருத்தன் ஓரமா நின்னு சுட்டான். சுட்ட சத்தத்த வெட்ட மறந்துட்டேன்."

எந்த ஊரிலோ உட்கார்ந்து இந்த விளையாட்டைச் செய்தவன், ஆளைச் சாகடிக்க அத்தனை வழி வைத்திருக்கிறான். ஒருவர் காலில் ஒருவர் விழக்கூடும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நம் ஆளுக்கோ, காலில் விழாத மருமகளைக் கற்பனையே செய்ய முடியவில்லை. இருவருக்கும் நடுவில் அநியாயமாக ஓர் உயிர் போயிற்று.

படம் முடிந்தது. சரவணன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அழவில்லை.

"பேரு என்னடா?"

"ரூபாம்மா."

"தமிழ் வருமா?"

"கொஞ்சம் கொஞ்சம்."

டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

"நான் ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவ கூட்டிட்டு வா. கால்ல கீல்ல விழ வேணாம்னு சொல்லிடு."