ஆசுபத்திரிச் சன்னல்

எங்கள் தகரப் பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை இரண்டு ஆண்டுகள் என் கணவர் அவிழ்க்கவே விடவில்லை. குரங்கணிக்கு மேலேயிருந்த ஏலத் தோட்டத்தை விட்டுப் போடிக்கு இறங்கி வந்த அன்று கட்டிய கயிறு அது. மாற்றுச் சேலை வேண்டுமென்றால் மூடி இடுக்கில் கையை விட்டு உருவித்தான் எடுப்பேன். அந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு வாடகை வீடுகள் மாறினோம். ஒன்றில் புகை என்பார். இன்னொன்றில் பக்கத்து வீட்டுப் பேச்சுச் சத்தம் என்பார். வேலையும் அப்படித்தான். ஏலக்காய் மண்டியில் சில மாதம், மரக்கடையில் சில மாதம், பிறகு அதுவும் இல்லை. சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய், வெறும் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

தோட்டத்தில் அவர் ஸ்டோர் பொறுப்பில் இருந்தார். பச்சை ஏலக்காயை அடுப்புச் சூட்டில் உலர்த்தும் பெரிய கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதன் முற்றத்தில்தான் எங்கள் மூத்தவன் நடை பழகினான். இரண்டு வயது நிறையும் முன், ஓர் ஆனி மாதத்தில் அவனுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆசுபத்திரி என்பது ஒரே ஓர் அறை. பலகைச் சுவர், தகரக் கூரை, மருந்து கொடுக்க ஒரு கம்பவுண்டர். பிள்ளையைக் கீழே கொண்டுபோங்கள் என்று அவர் சொன்ன நேரத்தில், ஓடையில் வந்த வெள்ளம் பாதையை அறுத்துவிட்டிருந்தது. மூன்று நாட்கள் அந்த அறையில் கிடந்தோம். என் கணவர் ஓடைக்கரைக்கு ஓடுவார், தண்ணீர் வடிந்ததா என்று பார்ப்பார், திரும்பி ஓடி வருவார், மறுபடியும் ஓடுவார். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே இருந்த சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலையில், "தண்ணி வடிஞ்சிருச்சு, கெளம்பு கெளம்பு" என்று கத்திக்கொண்டே அவர் மேடேறி வந்தார். பிள்ளையின் மூச்சு அதற்குச் சற்று முன்புதான் நின்றிருந்தது.

பிள்ளை போனபின் மலையை விட்டு இறங்கி இரண்டு ஆண்டு ஆகும் வேளையில், பங்குனியில் தோட்டம் கைமாறியது. புதிய முதலாளி, ஜீப் வரும் பாதையோரமாகச் சிமெண்டுக் கட்டடம் எழுப்பப் போகிறார், பழைய கட்டடங்களை மழைக்கு முன் பிரித்துச் சுமந்து போகிறவர்கள் கொண்டுபோகலாம் என்று செய்தி வந்தது. நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. நடுப்பகலில் என் கணவர் வேர்த்து வழிய வந்து நின்றார்.

"வீடு கெட்டப் போறேன்" என்றார்.

"எத வச்சு?"

"ஸ்டோரப் பிரிச்சு அப்படியே கொண்டாறேன். உங்கப்பா குடுத்த எடம் சும்மாத்தான கெடக்கு."

ராசிங்காபுரம் போகும் பாதையில் என் அப்பா எனக்குக் கொடுத்திருந்த சின்ன மனை அது. மறுநாளே மலையேறிவிட்டார். அதன்பின் நான்கு நாள் மலையில், இரண்டு நாள் மனையில் என்று அலைந்தார். குரங்கணிவரை கழுதை, அங்கிருந்து மாட்டுவண்டி. வந்திறங்கிய ஒவ்வொரு பலகையிலும் ஏலக்காய் மணத்தது. காய் பரப்பிய தட்டுகள் எங்கள் வீட்டுக் கதவுகளாயின. உத்திரங்களை அறுக்க மனமில்லாமல், உத்திரத்தின் நீளத்துக்கே அறையை அளந்தார்கள். "வீட்டுக்குன்னு மரம் வாங்குவாக. மரத்துக்குன்னு வீடு கெட்டுறத இப்பத்தான் பாக்குறேன்" என்று கொத்தனார் முனகினார். இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் எழும்பின. நானும் சற்றே நிம்மதியாக மூச்சுவிடத் தொடங்கியிருந்தேன்.

வைகாசியில் ஒரு நாள் வந்த வண்டியில், பலகைகளுக்கு மேலே ஒரு சன்னல் கவிழ்ந்து கிடந்தது. பச்சை வண்ணம், நான்கு கண்ணாடி. கீழ்ப்பக்கம் ஒரு கண்ணாடி உடைந்து, அந்த இடத்தில் பிஸ்கட் டப்பா மூடியை வைத்து ஆணி அடித்திருந்தது. ஏழு ஆணிகள். நான் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று நாளும் எண்ணியவைதான்.

வண்டிக்குப் பின்னால் நடந்து வந்த என் கணவரைக் கேட்டேன். "இது ஸ்டோர் சன்னல் இல்லையே."

அவர் தரையைப் பார்த்தார்.

"எதுக்குக் கொண்டாந்தீக? இத வச்ச வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்."

அவர் சன்னலை இறக்கி, கண்ணாடி தெரியாதபடி மண்ணைப் பார்க்கக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் மலைக்குப் போய்விட்டார். வேறு சன்னல் இல்லாததால் கொத்தனார் அடுப்படிச் சுவரில் இடைவெளி விட்டு வைத்தார். அந்த ஓட்டை வழியாக மலை தெரிந்தது. என் கணவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அவ்வளவு பயமும் வந்ததில்லை. புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

எட்டு நாள் கழித்து அடுத்த சுமை வந்தது. கொண்டுவந்த கழுதைக்காரர் வயதானவர். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த சன்னலைப் பார்த்தார்.

"ஏத்தா, இத இன்னும் வைக்கலையா? ஒன் வீட்டுக்காரரு எங்க யாரையும் தொட விடலயே. ஒத்தையிலயே நின்னு ஆணி ஆணியாப் பிடுங்குனாரு."

"எதுக்காம்?"

"மிச்சம் கெடக்குற மரத்தயெல்லாம் புது ஸ்டோருல காய் ஒணத்துற அடுப்புக்குப் போடுங்கன்னு சொல்லிட்டாக. அந்த ஆசுபத்திரிப் பலகையில கோடாலி விழப் போச்சு. இவரு குறுக்க போயி நின்னுட்டாரு. 'என் பிள்ளை படுத்த எடம், அத எரிக்க விட மாட்டேன்'னு ஒரே பிடி. என்னாத்தா செய்யிறது, பெத்த மனசு."

அவர் போனபின் வெகுநேரம் வெயிலிலேயே நின்றேன். இந்தச் சன்னல் அடுப்பில் எரிவதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டேன். "அடுப்படியிலயே வச்சிருங்கண்ணே" என்றேன். பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால், நான் நாள் முழுக்க நிற்கிற இடத்தில் அது இருக்கட்டும் என்று பட்டது. மலையிலிருந்து இறங்கிய என் கணவர் வந்து பார்த்தார். பிஸ்கட் மூடிமேல் விரலை வைத்து, "கண்ணாடி மாத்திரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம்.

அதோடு எல்லாம் ஆறிவிட்டது என்று சொன்னால் பொய். சில நாட்களில் அதன்மேல் பழைய சேலையைத் தொங்கவிட்டுத்தான் சமைப்பேன். அவரும் கடைசிவரை அடங்கி உட்கார்ந்தவர் இல்லை. இருபது முப்பது ஆண்டுகள் ஆனபின்னும், இந்தக் கதவை அங்கே மாற்றுவோம், அந்தப் பலகையை இங்கே ஏற்றுவோம் என்று சுத்தியலும் கையுமாகவே இருந்தார். இப்போது அவர் இல்லை. மாற்ற ஆளில்லாமல் வீடு அப்படியே நிற்கிறது. அவரை நினைத்தால், கூரை போட்ட அந்த நாள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும்.

ஆனி பிறந்த மூன்றாம் நாள், மேகம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மனையில் நின்ற எனக்கு நாள் முந்தியே வலி எடுத்துவிட்டது. தகரம் மூடியிருந்தது நான் பாய் விரித்துப் படுத்த அடுப்படிக்கு மேலே மட்டும்தான். அதிலும் ஒரு மூலை பாக்கி. மருத்துவச்சியைக் கூட்டிவந்து விட்டவர் நேரே கூரையில் ஏறிக்கொண்டார். தூறல் விழுந்தது. ஒவ்வொரு வலிக்கும் மேலே சுத்தியல் இடித்தது. ஒரு கட்டத்தில் மருத்துவச்சி கதவைத் திறந்து கத்தினாள்.

"ஏப்பா, தட்டுனது போதும்! பொம்பளப் பிள்ளை பெறந்திருக்கு, வெரசா எறங்கி வா!"

நனைந்து நின்றவர், கையை வேட்டியில் துடைத்துவிட்டு, புறங்கையைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"சூடு இல்லேல்ல?"

"பெறந்த பிள்ளை கதகதன்னுதான் இருக்கும். போப்பா அங்கிட்டு" என்று மருத்துவச்சி சிரித்தாள்.

அப்போதுதான் அவர் தரையில் உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினார். நான் கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டேன். கொஞ்ச நேரம்தான். திறந்த மூலை வழியாக ஒரு சொட்டு நீர் பாய்க்கு அருகில் விழுந்தது. உடனே எழுந்துவிட்டார்.

"ரெண்டு தகரம் பாக்கி. இவ மேல ஒரு சொட்டு விழக் கூடாது."

தலைக்குமேல் மறுபடியும் சுத்தியல் சத்தம் தொடங்கியது. பிள்ளை விழிக்கவில்லை. மழை வலுத்தது. என் மகனைத் தூக்கிக் கொடுத்த நாளிலிருந்து மழைச் சத்தம் கேட்டால் எனக்குக் கண் மூடாது. அன்று, அவர் ஆணி அடித்து முடிக்கும் முன்பே உறங்கிப் போனேன்.