கிளெனிஸ் பர்டியின் கடைசி வில்லை

ஆஸ்திரேலியாவில் கூனபாரபிரான் ஊருக்கு மேலே, மலையில் இருக்கும் வானாய்வகத்தில் கிளெனிஸ் பர்டிக்கு இருபத்தெட்டு வருஷமாக ஒரே வேலை. தொலைநோக்கி எடுத்த படத்தைப் பார்க்க வேண்டும்; அந்த விண்மீன் திரள் சுருளா, உருண்டையா, சுருள் கைகள் இல்லாத தட்டையான வில்லையா என்று எழுத வேண்டும்; பக்கத்தில் 'ஜி.பி.' என்று தன் இனிஷியலைப் போட வேண்டும். போட்டால் அட்டவணையில் காலத்துக்கும் நிற்கும். பட்டம் எதுவும் வாங்காதவள். ஆனால் அவள் எழுதிய நாலாயிரத்தில் ஒன்றைக்கூட யாரும் திருத்தியதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பணி ஓய்வு.

கடைசிப் படம் முப்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பது. நடுவில் புடைப்பு, சுற்றிலும் வழவழவென்று ஒரு தட்டு. நீல நிற இளம் விண்மீன்கள் இல்லை, தூசிப் பட்டை இல்லை. மஞ்சள் பூத்த கிழட்டு வெளிச்சம். 'வில்லை' என்று எழுதிவிட்டாள்.

பிடித்தது சனி. இயக்குநர் ஆலஸ்டர் ரென்ஷா அதைச் சுருள் என்று ஏற்கெனவே மூன்று மாநாடுகளில் முழங்கிவிட்டு வந்திருந்தார். பத்தரை மணித் தேநீர் இடைவேளையில், லாமிங்டன் கேக்கைக் கடித்துக்கொண்டே வாக்கெடுப்பு வைத்தார். அங்கே எந்தச் சந்தேகமும் அப்படித்தான் தீரும். அவரோடு சேர்த்து ஏழு பேர் சுருளுக்குக் கை தூக்கினார்கள். அடடா, என்ன கண்பார்வை! அதில் பாதிப் பேர் படத்தையே பார்க்கவில்லை.

"ஏழுக்கு ஒண்ணு, கிளெனிஸ். சுருள்னு மாத்திட்டு இனிஷியல் போடு."

"இல்லாத சுருளை நான் எங்கேருந்துப்பா கொண்டு வர்றது?"

"அம்மா தாயே, போற நேரத்துல எதுக்கு வம்பு?"

"போற நேரம்ங்கறதாலதான் சொல்றேன். நாளைக்குத் தப்புன்னு தெரிஞ்சா நீயா வந்து நிப்பே? 'ஜி.பி.க்குக் கண்ணு அவிஞ்சு போச்சு'ம்பாங்க."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். "கை தூக்கினவங்க எல்லாரும் அவங்கவங்க இனிஷியலைப் போடுங்க. நான் ஒதுங்கிக்கறேன்."

பேனா வைத்த இடத்திலேயே கிடந்தது. டெரில் என்ற முனைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இந்த ஜன்னல் வெளிச்சம்தான் சரியில்லையோ?"

ஒருவர் பின் ஒருவராக எழுந்துபோய்ப் படத்தைப் பார்த்தார்கள். மறு வாக்கெடுப்பில் எட்டுக்கு எட்டு, வில்லை. ஆலஸ்டர் கூட்டக் குறிப்பில் தன் கைப்படவே எழுதினார்: இயக்குநரின் கூர்ந்த மறுபார்வையால் பெரும்பிழை தவிர்க்கப்பட்டது.

எழுதிவிட்டுப் போகட்டும். கிளெனிஸ் தன் இரண்டு எழுத்தை அழுத்திப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா. ஆலஸ்டர் சொல்லிச் செய்த கேக்கின் மேல் க்ரீமில் பெரிய சுருள் ஒன்று. எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கத்தியை வாங்கி, க்ரீமை விளிம்புவரை வழித்து மட்டமாகத் தடவினாள். அப்புறம்தான் வெட்டினாள்.